கடைசியாக விட வேண்டிய மீன்

அல்லிநகரம், தேனி
12.06.2024

தம்பி ஜாஸ்பருக்கு,

நம் வீட்டில் கடிதம் என்றால் முதல் நாலு வரி ஸ்தோத்திரத்துக்குப் போய்விடும். அந்த நாலு வரியையும் எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வா.

ஈஸ்டர் முடிந்து நீ தூத்துக்குடிக்குக் கிளம்பிய அன்று தேனி பஸ் ஸ்டாண்டில் வைத்து, "இனிமே ஒனக்கு நான் போன் போட்டா எம்பேரு எப்சிபா இல்லலே" என்று சொன்னேன். டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது சொன்னதுதான், போன் போட மாட்டேன். எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

என் ரத்தப் பரிசோதனை லேபை வீட்டுக்கு எதிர்க் கட்டடத்துக்கு மாற்றுகிறேன். ஜூலை ஏழாம் தேதி, ஞாயிறு ஆராதனை முடிந்து பிரதிஷ்டை. ரத்தம் கொடுக்க வருகிற பிள்ளைகள் ஊசியைப் பார்த்ததும் போடுகிற சத்தம் நேரு சிலை வரைக்கும் கேட்கிறது. அதுகள் கண்ணை இழுத்துப் பிடிக்க, காத்திருக்கும் கூடத்தில் கடல் மீன் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம், நூற்றிருபது லிட்டர். நீ எப்போதோ சொல்லிக்கொடுத்த மாதிரியே செயற்கைப் பாறை அடுக்கி, உப்பு கலந்து, ஒரு மாதமாக மீன் இல்லாமல் ஓடவிட்டிருக்கிறேன். அமோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. ஊர் ரத்தத்தையே பரிசோதிக்கிறவளுக்கு ஒரு தொட்டித் தண்ணீர் பெரிய காரியமா? கடலே இல்லாத ஊரில் கடலைக் கலக்கி வைத்துவிட்டேன். மீன் மட்டும்தான் பாக்கி, அது உன் பண்ணையிலிருந்து வர வேண்டும்.

எனக்கு வேண்டியது: நீல உடம்பும் மஞ்சள் வாலும் உள்ளதில் ஒன்று. செட்டை விரித்துக்கொண்டு நிற்குமே சிங்க மீன், அது ஒன்று. மஞ்சளில் கரும்புள்ளி வைத்த பெட்டி மீன் ஒன்று. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கடல் குதிரை இரண்டு.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று நீ ஆரம்பிப்பாய். ஆள் பார்த்துச் சேர்ப்பதில் எனக்கு இதுவரை தப்பியதில்லை. பேசாமடந்தை மாரீஸ்வரியை வேலைக்கு எடுத்து, வாய் ஓயாத கருத்தக்கண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஆறு வருஷமாக லேபில் ஒரு சண்டை கிடையாது. சர்ச் கொயரில் யார் பக்கத்தில் யார் நின்று பாட வேண்டும் என்று நம் சபை ஐயர்வாளே என்னைத்தான் கேட்கிறார். ஒரு பார்வை போதும் எனக்கு.

அந்தப் பார்வையில்தான் உன் ஆளையும் பார்த்தேன். ஈஸ்டருக்குக் கூட்டிவந்தாய். குடித்த காபி ஆறவில்லை, அதற்குள் எழுந்து, "இங்கன வெளிச்சமே விழலையே அண்ணி" என்று என் சோபாவைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். அப்பா போட்ட இடத்தில் இத்தனை வருஷமாக இருந்த சோபா. கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. அவளும் நானும் ஒரே வீட்டில் ஒத்துவராது என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு நீ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

பதிலில் அவள் பேரை எழுதாதே. மீனைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா
எப்சிபா


தூத்துக்குடி
18.06.2024

அக்காவுக்கு,

மீனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீ கேட்ட நீல மீன் முழங்கை நீளத்துக்கு வளரும். நாள் முழுக்க நீந்துகிற சாதி. மூன்றடித் தொட்டியில் அதை விடுவது, அத்தானைக் குளியலறைக்குள் வைத்துப் பூட்டி நடைப்பயிற்சி செய்யச் சொல்வது மாதிரி. சிங்க மீன் தன் வாயில் நுழைகிற எதையும் விழுங்கும். உன் கோமாளி மீன் அதன் வாயில் தாராளமாக நுழையும். பெட்டி மீன் பயந்தாலோ செத்தாலோ விஷத்தைக் கக்கித் தொட்டியோடு சேர்த்துக்கொண்டு போகும். கடல் குதிரை விற்றால் நான் கம்பி எண்ண வேண்டும், சட்டம் அப்படி. ஞாயிறு பள்ளிக்குப் படம் வரைந்து காட்டு.

ஆக உன் ஒரு பார்வையில் தேறியது கோமாளி மீன் ஜோடி மட்டும். அதுவும் என் பண்ணையில் பிறந்தது என்பதால் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து தொட்டியை மட்டுமே பார்த்தது, தீனிக்கு அடம் பிடிக்காது.

அதோடு ஃபயர் ஃபிஷ் ஒன்று. முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு, முதுகில் குடுமி. பரம சாது. அப்புறம் கோபி மீன் ஒன்றும் பிஸ்டல் இறால் ஒன்றும். இந்த இரண்டையும் உன் வாடிக்கையாளர்கள் கண் எடுக்காமல் பார்ப்பார்கள். இறாலுக்குச் சரியாகக் கண் தெரியாது, ஆனால் நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை கட்டும். கோபிக்குத் தோண்டத் தெரியாது, ஆனால் வளை வாசலில் காவல் இருக்கும். இறால் தன் மீசையில் ஒன்றைக் கோபியின் மேலேயே வைத்திருக்கும். ஆபத்து வந்தால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். மேலே பார்த்தால் ஒத்துவராத ஜோடிதான்.

நாலு மீன், ஒரு இறால். இதற்கு மேல் அந்தத் தொட்டியில் இடமில்லை.

யார் யார் என்பதைவிட யார் முதலில் என்பது முக்கியம். சாதுவானதை முதலில் விட வேண்டும். அது ஒரு பொந்து பிடித்து, இது நம் வீடு என்று பழகிய பிறகு அடுத்தது. முரட்டுக் குணம் உள்ளதைக் கடைசியாக விட வேண்டும். முரடு முதலில் போய்விட்டால் மொத்தத் தொட்டியும் அதற்குச் சொந்தம். பின்னால் வருகிற எல்லாமே அதன் கண்ணுக்குத் திருடன்தான்.

கோமாளி ஜோடியையும் ஃபயர் ஃபிஷ்ஷையும் தனியாக வைத்து நோய் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரதிஷ்டைக்கு முன்னால் வராது. பத்தாம் தேதி புதன்கிழமை மதுரை வழியாகப் பார்சல் பஸ்ஸில் ஏற்றுகிறேன். கோபியும் இறாலும் அடுத்த மாதம். அதுவரை தொட்டியில் ஒரு நத்தையைக்கூட விடாதே. விருந்தாளிகள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பேர் எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு "அண்ணி தண்ணிய நல்லா வச்சிருக்காங்களே" என்று ஒருத்தி சொன்னாள். அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜாஸ்பர்


அல்லிநகரம்
08.07.2024

தம்பிக்கு,

பிரதிஷ்டை அமோகம். பிரியாணி மிஞ்சவில்லை. போடிச் சொந்தம் ஒரு வேன் நிறைய வந்தது. "தம்பி எங்கத்தா?" என்று கேட்காத ஆள் இல்லை. "அவனுக்குப் பண்ணையில சோலி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

உன் புதன்கிழமைப் பெட்டிக்கு நான் தயார். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. போடிக் காற்று ஆரம்பித்துவிட்டதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. உன் அத்தான் நல்லது செய்கிறேன் என்று உப்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டார். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கிறது என்று ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அந்த மனுஷனுக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இப்போது சரி.

இன்னொரு சின்னச் செய்தி. ஏசுதாசன் பெரியப்பாவை உனக்குத் தெரியுமே. நம் குடும்பத்தில் எந்தக் கடை திறந்தாலும் சுவர்க் கடிகாரம் கொண்டுவருவார். ஜெபம் முடிந்ததும் மூத்தவர் கொடுத்ததுதான் எல்லார் முன்னாலும் முதலில் ஏற வேண்டும். இல்லையென்றால் சாப்பிடாமல் போய்விடுவார். இந்தத் தடவை நான் தொட்டி வைத்திருப்பது யார் மூலமோ காதில் விழுந்து, கடிகாரத்துக்குப் பதிலாக மதுரையிலிருந்து மீன் வாங்கிவந்துவிட்டார். பாலித்தீன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எம்மக கடைக்கு மொத உசுரு நாந்தான் குடுப்பேன்" என்றார். ஐயர்வாள் கைதட்டினார். நான் என்ன செய்ய?

கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. வெள்ளையில் மூன்று கறுப்புப் பட்டை. டேம்சல் என்று பேராம். துறுதுறுவென்று ஓடுகிறது, யார் பக்கத்தில் போனாலும் கண்ணாடிக்கு வந்து முறைக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவ்வளவு சின்னது யாரை என்ன செய்துவிடும்? நான் பார்த்துச் சொல்கிறேன், ஒத்துப்போகும்.

அக்கா


தூத்துக்குடி
12.07.2024

அக்கா,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. பெட்டி புதன்கிழமையே கிளம்பிவிட்டது. நேற்றே மூன்று மீனையும் தொட்டியில் விட்டிருப்பாய்.

கடிதத்தைப் படித்த கையோடு உனக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். லேப் நம்பருக்கு அடித்தால் பழைய கட்டடத்தில் யாரும் இல்லாமல் மணி அடிக்கிறது. அத்தான் போன் வழக்கம் போலக் கடையில் ஆணி மூட்டைக்கு அடியில் கிடக்கும். அதனால் இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன்.

அந்த டேம்சலை உடனே வெளியே எடு. சின்னது என்று பார்க்காதே. அந்த அளவில் அதைவிட முரட்டு மீன் கடைகளில் கிடையாது. அதுவும் முதலில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஃபயர் ஃபிஷ் சண்டை போடாது, ஓடும். ஓட இடமில்லை என்றால் மேலே தாவும். மூடியில் விரல் அளவு சந்து இருந்தாலும் அடை.

இதைப் படித்ததும் போன் எடு. நான்தான் அடிக்கிறேன், நீ அடிக்க வேண்டாம்.

ஜாஸ்பர்


அல்லிநகரம்
16.07.2024

தம்பி,

உன் விரைவு அஞ்சல் திங்கட்கிழமை வந்தது. ஃபயர் ஃபிஷ் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை உன் போன் அடித்தபோது நான் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத நினைத்தேன். அது முதல் தடவை அடித்தபோது மட்டும்தான் உண்மை. அப்புறம் அடித்தபோதெல்லாம் சும்மாதான் இருந்தேன். உன் பேர் போனில் தெரிந்தது. மாரீஸ்வரி, "எடுங்கக்கா, தம்பிதான அடிக்கிறாக" என்றாள். பேசினால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவேன் என்று பயந்து எடுக்கவில்லை. நீ அவளைப் பற்றிப் பேசத்தான் அடிக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். மீனுக்காக அடித்திருப்பாய் என்று தோன்றவே இல்லை.

மூன்றையும் நீ சொன்னபடி மெதுவாகத் தண்ணீர் மாற்றித்தான் உள்ளே விட்டேன். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. கோமாளி இரண்டும் மேல் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கொஞ்சம் கீழே இறங்கினால் டேம்சல் அம்பு மாதிரி வந்து வாலைக் கடித்தது. ஃபயர் ஃபிஷ் ஒரு பாறைச் சந்துக்குள் போனது, அங்கிருந்தும் விரட்டியது. இன்னொரு சந்துக்குப் போனது, அங்கேயும் வந்தது. தொட்டி முழுக்கப் பாறைதான், அதற்கு மட்டும் ஒரு சந்து கிடைக்கவில்லை. இரண்டு நாளில் பழகிவிடும் என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னேன்.

பெரியப்பா இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை லேபுக்கு வருகிறார். தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "எம் மீனு எங்கன?" என்று கேட்கிறார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாவியை வாங்கி அவரே கதவைத் திறந்தார். "ஏத்தா, கீழ என்னமோ கெடக்கு" என்றார். நாற்காலிக் காலடியில் கிடந்தது. குடுமி விரிந்தபடியே காய்ந்திருந்தது.

மாரீஸ்வரி அழுதாள். நான் அழவில்லை. அதைக் காகிதத்தில் எடுத்து, லேப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அப்புறம் அழுதேன். நீ நோய் பார்த்து, தனியாக வைத்து, பத்திரமாக அனுப்பிய உயிர்.

டேம்சலை எடுத்தால் பெரியப்பாவுக்கு என்ன சொல்வேன்? எடுக்காவிட்டால் கோமாளி ஜோடியும் போய்விடும். எனக்கு வழி தெரியவில்லை. நீ சொல். சொன்னபடி செய்கிறேன்.

எப்சிபா


தூத்துக்குடி
20.07.2024

அக்கா,

"எனக்கு வழி தெரியவில்லை" என்று நீ எழுதி நான் இதுவரை படித்ததில்லை. அந்த வரியை இருமுறை படித்தேன்.

ஃபயர் ஃபிஷ் போனதை நினைத்து மருகிக்கொண்டிருக்காதே. இந்தத் தொழிலில் எனக்கும் போயிருக்கிறது, உன்னைவிட மோசமாகவே போயிருக்கிறது. வழி இருக்கிறது. பெரியப்பாவும் மனம் நோக வேண்டாம்.

டேம்சலை வலையில் பிடித்து ஒரு சின்னத் தொட்டியில் தனியாக வை. காற்றுக் குழாய் போடு, தினமும் பாதித் தண்ணீர் மாற்று. ஒரு பத்து நாள் அங்கே இருக்கட்டும். பிடிப்பது சுலபமில்லை, பாறைகளை எடுத்தால்தான் அகப்படும். அது நல்லதுதான், எப்படியும் பாறைகளை எடுக்கத்தான் வேண்டும். அத்தனையையும் இடம் மாற்று. மலை மாதிரி அடுக்கியிருந்தால் இரண்டு குன்றாகப் பிரி. பழைய அடையாளம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. டேம்சல் தன்னுடையது என்று வைத்திருந்த பொந்து இருக்கவே கூடாது. பிறகு கோமாளி ஜோடி தன் இடத்தைப் பிடிக்கட்டும். கோபி, இறால், இன்னொரு ஃபயர் ஃபிஷ் மூன்றையும் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்புகிறேன், அவையும் பழகட்டும். எல்லாரும் செட்டிலான பிறகு டேம்சலை விடு. கடைசியாக.

அப்போது அதற்குத் தொட்டி புதிது. தானே விருந்தாளி. கொஞ்சம் முறைக்கும், ஒன்றிரண்டு நாள் விரட்டிப் பார்க்கும், மற்றவை இடத்தை விட்டுக் கொடுக்காது. பெரும்பாலும் அடங்கிவிடும். கட்டைவிரல் அளவு மீன் ஒன்று கூடினால் தொட்டி தாங்கும். அடங்கவில்லை என்றால் எனக்கு அனுப்பு, என்னிடம் பெரிய தொட்டி இருக்கிறது.

அதன் மேல் கோபப்படாதே அக்கா. அது கெட்ட மீன் இல்லை. முதலில் வந்தது, அவ்வளவுதான். தனியாகவே இருந்து மொத்த இடத்தையும் பார்த்துக்கொண்டது. அதனால் தன் இடம் என்று நினைத்துவிட்டது. காவல் காக்கிறதாகத்தான் அதற்கு எண்ணம்.

இனி மீன் இல்லாத செய்தி. எழுதாதே என்றாய், மன்னித்துக்கொள். கல்யாணம் செப்டம்பர் பன்னிரண்டு, இங்கே தூத்துக்குடியில். கிருபாவதிக்குத் தேனிக் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது. பேங்கில் அவளாகக் கேட்டு வாங்கியது. கேட்ட காரணத்தை அவளே சொல்லட்டும். பண்ணையைப் பங்காளியிடம் பாதி விட்டுவிட்டு நானும் தேனிக்கே வருகிறேன். பெரியகுளம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறோம். மாடியை நான் கேட்கவில்லை. நீ சொன்னது மனதில் இருக்கிறது.

ஆனால் அப்பாவும் அம்மாவும் இல்லாத இடத்தில் நிற்க எனக்கு நீ ஒருத்திதான். நீ வராமல் பலிபீடத்துக்கு முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வராது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜாஸ்பர்


அல்லிநகரம்
18.08.2024

அன்புள்ள ஜாஸ்பருக்கு,

பெட்டி வந்தது, ஒரு உயிரும் நலிவில்லை. எல்லாவற்றையும் நீ சொன்ன வரிசையில் செய்து முடித்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன். அதனால்தான் தாமதம்.

டேம்சலைப் பிடிக்க நானும் மாரீஸ்வரியும் முழங்கை வரை நனைந்தோம். எல்லாப் பாறையும் வெளியே வந்த பிறகுதான் சிக்கியது. வலைக்குள்ளேயும் முறைத்தது. அதைப் பார்த்துக் கருத்தக்கண்ணன், "அக்கா, இது ஒங்களயே பாத்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். வலையை அவன் கையிலேயே கொடுத்தேன். பாறைகளை இரண்டு குன்றாக்கி நடுவில் மணல் விட்டேன். கோமாளி ஜோடி அன்று சாயங்காலமே கீழே இறங்கிவிட்டது.

பெரியப்பாவிடம் என்ன பொய் சொல்லலாம் என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். அவர் மீனுக்கு வைத்தியம் நடக்கிறது என்று சொல்வதாக முடிவு. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் வாயில் உண்மைதான் வந்தது. "ஒங்க மீனு அடிதடிக்காரனா இருக்கு பெரியப்பா. கொஞ்ச நாளு ரிமாண்டு" என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். டீ சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். "நம்ம வம்சத்து மீனுல்ல, அப்பிடித்தான் இருக்கும்" என்றார். பின்னறையில் அதைப் போய்ப் பார்த்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். இதற்காகவா நான் ஓர் உயிரைப் பலி கொடுத்தேன் என்று இருந்தது.

இப்போது டேம்சலும் உள்ளேதான் இருக்கிறது. விட்ட அன்று தன் பழைய பொந்தைத் தேடியது. இருந்த இடத்தில் இறால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது, வாசலில் கோபி நின்றது. ஃபயர் ஃபிஷ்ஷிடம் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது, அது தன் சந்துக்குள் புகுந்துகொண்டு தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. கோமாளியில் பெரியது திருப்பி ஒரு முட்டு முட்டியது. டேம்சல் வலது ஓரக் கல்லுக்கு அடியில் போய் இருந்துகொண்டது. இப்போது அங்கேதான் குடித்தனம். தீனி போட்டால் எல்லாமே சேர்ந்து வருகின்றன. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஊசி ஏறியதே தெரிவதில்லை.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அதில் டேம்சலைப் பற்றி நீ எழுதிய வரிகளை நான் நன்றாகவே படித்தேன். நீ மீனைப் பற்றித்தான் எழுதினாய் என்று சத்தியம் செய்வாய், நானும் நம்புகிறேன். ஆனாலும் எனக்குப் புத்தி இருக்கிறது.

பெரியகுளம் வீடு வேண்டாம், தரகனிடம் சொல்லிவிடு. மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கீழே ஹாலில் இருந்த எல்லாவற்றையும் நகர்த்திவிட்டேன். அப்பாவின் பீரோ இப்போது மாடிப்படிக்குக் கீழே. சாப்பாட்டு மேசை அடுக்களைக்குப் பக்கம். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாக இருந்தது, அங்கேயும் அடித்துவிட்டார்கள். உன் அத்தான் கடையிலிருந்து வந்து ஒரு நிமிஷம் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று வாசலில் நின்றுவிட்டார். சோபாவை மட்டும் நடுக் கூடத்தில் விட்டிருக்கிறேன். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யவில்லை. அதை நான் செய்யப் போவதில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரமே தூத்துக்குடி வந்துவிடுவேன். அன்று கோயிலில் முதல் ஆளாக நிற்பது நான்தான், உனக்குக் கால் வரும். கல்யாணம் முடிந்து நீங்கள் நேராக வீட்டுக்கு வாருங்கள். சாவி மாரீஸ்வரியிடம் இருக்கும். நானும் அத்தானும் வீட்டில் இருக்க மாட்டோம். தேவதானப்பட்டியில் ஞானபாக்கியம் மதினி வீட்டுக்குப் போய்விடுகிறோம். ரொம்ப நாளாக வா வா என்று கூப்பிடுகிறாள். லேபுக்கு அங்கிருந்தே பஸ்ஸில் வந்து போவேன், எதிர்க் கட்டடம்தானே என்று வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். நீங்கள் ஒரு பத்து நாள் இருந்து, எங்கே எது வேண்டுமோ போட்டுக்கொண்டு, நம் வீடு என்று பழகுங்கள். அப்புறம் சொல்லியனுப்பு. கடைசியாக நான் வருகிறேன்.

ஒன்றிரண்டு நாள் முறைப்பேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கிருபாவதியிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவளும் இடத்தை விட்டுக் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் அடி. நான் அடிக்க மாட்டேன் என்றுதான் பஸ் ஸ்டாண்டில் சொன்னேன், எடுக்க மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. தேனி மாற்றலை ஏன் கேட்டு வாங்கினாள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் முதலில் கிருபாவதியைப் பேசச் சொல். நான் கடைசியாகப் பேசிக்கொள்கிறேன்.

அக்கா
எப்சிபா